காரைக்குடியிலிருந்து மலையேற ஒரு பிக்கப்: எதை முதலில் மாற்றுவது, எதை விட்டுவிடுவது

செட்டிநாட்டில் மலை கிடையாது. செம்மண், சரளை, கண்மாய், ஊருணி, நடுநடுவே சீமைக்கருவேலங்காடு, அவ்வளவுதான். வடமேற்கே பிரான்மலை இருக்கிறது. ஆனால் அதன் உச்சிக்கு வண்டிப்பாதை இல்லை. தேரை முல்லைக்குக் கொடுத்துவிட்ட பாரியைப் போல நாமும் நடந்துதான் ஏற வேண்டும்.

அதனால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ நிற்கிற பிக்கப் மலையைத் தொடுவதற்கே முதலில் நூறு கிலோமீட்டர்போல கொதிக்கிற தார் ரோட்டில் ஓட வேண்டும். சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போனால் சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். திருச்சி, நாமக்கல் பக்கம் போனால் கொல்லிமலையில் 70. கல்லும் சேறும் அதற்கப்புறம்தான் வரும். இந்தக் கணக்கை மறந்துவிட்டு, வெளிநாட்டுப் பாலைவன வண்டியின் படத்தைப் பார்த்து இரும்பை ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது நெடுஞ்சாலையில் தள்ளாடி, வளைவில் சாய்கிற வண்டிதான்.

இங்கே சொல்வதெல்லாம் 4 வீல் டிரைவ் உள்ள இரட்டை கேபின் பிக்கப்புக்கு: இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், பொலேரோ கேம்பரின் 4 வீல் டிரைவ் வகை போன்றவை.

எடைமேடைச் சீட்டு

எந்தப் பாகமும் வாங்குவதற்கு முன் வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். நெல் மில், ஜல்லி வியாபாரம் நடக்கிற ஊர்களிலெல்லாம் ஒன்று இருக்கும். டீசல் முழு டேங்க், ஆள் யாரும் இல்லாமல், மூன்று தடவை எடை போட வேண்டும்: முழு வண்டி, முன்சக்கரம் மட்டும் மேடையில், பின்சக்கரம் மட்டும் மேடையில். மூன்று சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். இனி ஒவ்வொரு செலவையும் இதை வைத்துத்தான் முடிவுசெய்யப் போகிறீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து சீட்டில் உள்ள எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்கள் கைமுதல். உதாரணத்துக்கு மொத்த எடை 2,500 கிலோ, சீட்டு 2,020 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 480. நாலு பேர் ஏறினால் 280 போய்விடும். பின்பெட்டிக்கு மூடி 70, வின்ச்சும் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) இரும்பு பம்பரும் 90, கூரை ரேக் 35. இப்போது கையில் இருப்பது 5 கிலோ. தண்ணீர்க் கேன் வைக்கக்கூட இடமில்லை!

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். முன் அச்சுக்கு முக்கால் முதல் ஒரு மீட்டர் முன்னால் தொங்குகிற 90 கிலோ, முன் அச்சில் 115 கிலோபோல அழுத்தும். பின் அச்சிலிருந்து 25 கிலோவைத் தூக்கியும் விடும். வெறும் பெட்டியோடு ஓடும்போது பின்சக்கரம் ஏற்கெனவே லேசாகத்தான் தரையைப் பிடிக்கும். அதை இன்னும் லேசாக்குவதற்கா அவ்வளவு செலவு?

புதியவர்களுக்கு மின்சார வின்ச் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. மொத்த எடையின் ஒன்றரை மடங்கு இழுக்கிற வின்ச் வேண்டும் என்பது கணக்கு. இந்த அளவு வண்டிக்கு 9,500 பவுண்டு, அதாவது 4,300 கிலோ. கயிறு பெரும்பாலும் வெளியே போய், டிரம்மில் கடைசிச் சுற்றுகள் மட்டும் இருக்கும்போதுதான் அந்த இழுவை கிடைக்கும். கயிறு அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தால் அடுக்குக்கு அடுக்கு சக்தி குறையும். முழு இழுவையில் 400 ஆம்பியர் வரை பேட்டரியிலிருந்து உறிஞ்சும். இரண்டு வண்டியாகப் போவதும் ஒரு நல்ல கயிறும் அதைவிட மலிவு.

இருக்கிற வண்டியைத் தயார் செய்தல்

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா? மலைக்கு முன் மாற்றிவிடுங்கள். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே ஆயிலுக்குத் தர அளவு 155 டிகிரிதான். எழுபது வளைவு இறங்குவதற்குள் டிஸ்க் சூடேறி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். தள்ளாடுகிற பெடலை இரண்டு மூன்று முறை அமுக்கி ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும்.

கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், சி.வி. ஜாயிண்ட்டின் (முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) ரப்பர் பூட், பேட்டரி கிளாம்ப் எல்லாம் சர்வீஸிலேயே பார்த்துவிடலாம்.

டயர்

பணத்தின் பெரும்பங்கை இங்கே போடுங்கள். ஆல் டெரெய்ன் (எல்லாத் தரைக்கும் பொதுவான) வகை போதும். மட் டெரெய்ன் (சேற்றுக்கான) வகை சேற்றில் அருமையாக இருக்கும், ஆனால் நம் வண்டி ஓடுவதில் பெரும்பகுதி தார் ரோடு. அதில் சத்தம் அதிகம், மழைத்தாரில் பிடிப்பு குறைவு.

அளவைப் பார்ப்போம். 255/60 ஆர்18 டயரின் விட்டம் 763 மி.மீ. 265/60 ஆர்18 என்றால் 775. 265/70 ஆர்17 போட்டால் 803. கடைசியது கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் முதல் அளவைவிடத் தரை உயரம் கூடுவது விட்ட வித்தியாசத்தில் பாதிதான், 20 மி.மீ. அதற்கு விலையாக ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்மட்கார்டில் உரசும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 63-ல் ஓடும். ஏற்றத்தில் கியர் ஒருபடி பலவீனமாகத் தெரியும். கம்பெனி உங்கள் மாடலுக்குச் சொல்லியிருக்கிற அளவுகளுக்குள் நிற்பது வண்டிக்கும் நல்லது, சட்டத்துக்கும் நல்லது.

டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் தேயவில்லை என்று ஏழெட்டு வருட டயரை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் வெயிலில் ரப்பர் பக்கவாட்டில்தான் முதலில் வெடிப்பு விடும், மலைப்பாதைக் கல்லும் அங்கேதான் குத்தும். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பஞ்சர் குச்சி போட முடியாது. அதனால் ஸ்டெப்னியும் அதே அளவில், நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

காற்று

புதியவர்கள் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை. செலவில்லாத ஒரே மாற்றமும் இதுதான். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து, கல்லை மூடிப் பிடிக்கும்.

தார் ரோட்டில் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவு. சரளைப் பாதையில் 26 பி.எஸ்.ஐ. உதிரிக்கல் ஏற்றம், சேறு என்றால் 20 முதல் 22. ஆற்றுமணல் என்றால் 16 முதல் 18. பதினைந்துக்குக் கீழே போகாதீர்கள், திரும்பும்போது டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும். இருபதுக்குக் கீழே இருக்கும்போது வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. கூரான கல் நிறைந்த பாதையில் அளவுக்கு மேல் குறைத்தால் பக்கவாட்டு பிதுங்கி வெட்டுப்படும். கூர்க்கல் கூடக்கூடக் காற்றைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

மறுபடி நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வுகிற வகையாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிறவை பெரிய டயருக்குத் திணறும், ஃபியூஸும் போகும். என்ஜினை ஓடவிட்டு நிரப்புங்கள்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். காரைக்குடியில் 38 டிகிரியில் 35 வைத்து, கொடைக்கானலில் விடியற்காலை 10 டிகிரியில் அளந்தால் எவ்வளவு இருக்கும்? குளிர் நாலரை பி.எஸ்.ஐ. எடுத்துவிடும். ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேஜ் மூன்றுக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடும். மொத்தத்தில் ஒன்று, ஒன்றரைதான் இறங்கியிருக்கும். அதற்காக மலைமேல் காற்றடிக்கக் கடை தேட வேண்டாம். மதியத் தார் ரோட்டில் ஓடி வந்தவுடன் 39 காட்டுகிறதே என்று இறக்கிவிடவும் வேண்டாம். அளவு எப்போதும் ஆறிய டயருக்குத்தான்.

இழுக்கும் கொக்கி

வண்டியை லாரியில் கட்டி அனுப்பக் கம்பெனி வைத்திருக்கிற மெல்லிய வளையங்கள் இழுப்பதற்கானவை அல்ல. டிரெய்லர் உருண்டையில் கயிறு மாட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டுபோலப் பறந்து வரும். சேஸிஸில் போல்ட்டால் பிடிக்கிற, தாங்கும் எடை பொறித்த கொக்கி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றாவது வேண்டும். சேஸிஸ் பீமின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டிங்கோ போட விடாதீர்கள். வளைவைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஷாக்கிள் (கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையம்) 19 மி.மீ., 4.75 டன் எழுத்து பொறித்தது. பொறிக்காததை எடைக்குப் போடுங்கள். நீளும் வகைக் கயிறு 9 மீட்டர், வண்டியின் மொத்த எடைபோல இரண்டரை முதல் மூன்று மடங்கு தாங்குவது. புதைந்த வண்டியை எடுக்கும் முறை இது:

1. முதலில் கயிறு இல்லை, மண்வெட்டி. நாலு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக மண்ணை எடுங்கள். அடிவயிறு மண்ணில் உட்கார்ந்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும்.
2. டயரை 16-க்கு இறக்கி, 4 லோ (நாலு சக்கரமும் குறைந்த வேகத்தில், அதிக இழுவையில் சுழலும் நிலை) போட்டு மெல்ல முயலுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே வெளியே வந்துவிடும்.
3. வரவில்லை என்றால் கயிறு. இரண்டு வண்டியும் முடிந்தவரை நேர்க்கோட்டில். கயிற்றை ஒரு மீட்டர் தொய்வாக விடுங்கள். நடுவில் ஈரச்சாக்கோ போர்வையோ போடுங்கள்.
4. ஆட்கள் கயிறு நீளத்தின் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில். சைகை காட்டுவது ஒரே ஒருவர். “இழு இழு” என்று ஊரே கத்தக் கூடாது.
5. இழுக்கும் வண்டி நடைவேகத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மூன்று தடவையில் வரவில்லை என்றால் மறுபடி மண்வெட்டி.

அடித்தகடு

என்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிப்பது) இவற்றுக்கு அடியில் தகடு. 4 மி.மீ. இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு 31 கிலோ, 6 மி.மீ. அலுமினியம் 16 கிலோ. எடைமேடைச் சீட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வெல்டிங் பட்டறையில் செய்வதாக இருந்தால் என்ஜின் ஆயில் கழற்றும் இடத்துக்கு நேரே துளை, காற்று வெளியேறப் பின்பக்கம் இடைவெளி, தகட்டின் முன்விளிம்பு மேல்நோக்கி மடிந்திருப்பது, இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விளிம்பு நேராக இருந்தால் பாறையை உழும். படியோரக் கம்பி போடுவதென்றால் அது சேஸிஸில் நிற்க வேண்டும். பாடியில் பிடித்த அலங்காரப் படி கல்லில் மோதினால் கதவு திறக்காது.

உயரம்

முதல் ஆறு மாதம் உயர்த்தாமல் ஓட்டுங்கள். அடி எங்கே தட்டுகிறது என்று தெரிந்த பிறகு, 40 மி.மீ., போனால் 50. அதற்கு மேல் முன் அச்சின் சி.வி. ஜாயிண்ட் கோணம் கூடி, பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, ஜாயிண்ட் தேயும். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) தலையில் ஸ்பேசர் என்ற தடித்த வளையம் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் சுமார் இரு மடங்கு உயர்வைத் தரும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் நடுவில் ஸ்ட்ரட் உட்காருவதால். “ஒரு இஞ்ச்தானே” என்று இரண்டு வைத்துவிடாதீர்கள்.

பின்னால் கமான் பட்டை. பெரும்பாலான பட்டறைகளில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகிவிடுவார்கள். வண்டி உயரும், ஆனால் வெறும் பெட்டியோடு சரளையில் பின்பக்கம் குதித்து, வளைவில் விலகும். வழக்கமாக ஏற்றுகிற எடையைச் சொல்லி அதற்கான செட்டாக வாங்குவதே சரி. கமானை அச்சோடு பிடிக்கிற பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, ஒருமுறை முறுக்கியதில் அது நீண்டிருக்கும். புதியதைக் குறுக்கு மாற்றாக முறுக்கி, 500 கிலோமீட்டரில் மறுபடி முறுக்க வேண்டும். கமான் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும்.

பலரும் தவறவிடுவது பின் பிரேக் வால்வு. சில பிக்கப்புகளில் சேஸிஸிலிருந்து பின் அச்சுக்கு ஒரு சிறு கம்பி போகும். சுமை ஏறி பெட்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. வண்டியை உயர்த்தினால் பெட்டி எப்போதும் காலி என்று அது நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். கம்பியின் பிராக்கெட்டையும் உயரத்துக்குத் தக்கபடி மாற்றச் சொல்லுங்கள். கூடவே பிரேக் ஹோஸ் முழுத் தொங்கலிலும் இழுபடாமல் இருக்கிறதா, அலைன்மென்ட், ஹெட்லைட் தாழ்த்தல் எல்லாம் அன்றே.

தண்ணீர்

ஓடையில் இறங்கும் முன் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டி) சூடாக இருக்கும். குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். அதன் பிரீதர் குழாயை (உள்காற்று போய்வரும் துளை) 8 மி.மீ. ஹோஸால் பெட்டி உயரத்துக்கு நீட்டி, நுனியில் சிறு ஃபில்டர் மாட்டினால் தீர்ந்தது. சில நூறு ரூபாய் வேலை, இதை முதலிலேயே செய்துவிடுங்கள். ஸ்நார்க்கல் (என்ஜினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) பிறகு பார்க்கலாம்.

சக்கரத்தின் நடுமையம் வரைதான் புதியவருக்கு எல்லை. ஓடுகிற நீர் என்றால் நடந்து கடக்க முடியாத இடத்தில் வண்டியும் வேண்டாம். நடுத்தண்ணீரில் என்ஜின் நின்றால் மறுபடி சாவி போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்து வெளியே எடுத்து, ஏர் ஃபில்டரைப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

சட்டமும் காடும்

ஆர்.சி.யில் உள்ள விவரத்தை மாற்றும் எதையும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காரின் முகப்பில் இரும்பு கிராஷ் கார்டு கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. டயர் அளவு, உயர்த்தல், பம்பர் மூன்றையும் பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். தகடு, கொக்கி, பிரீதர் ஹோஸ் போன்ற கழற்றி மாட்டும் வேலைகளில் தலைவலி குறைவு.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். மேகமலைப் பக்கம் 2021-லிருந்து புலிகள் காப்பகம். கொடைக்கானல், நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். தோட்டப் பாதை, பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, கேட்டைத் திறந்தால் மூடிவிட்டு வாருங்கள்.

ஒத்திகைக்குக் கண்மாய்

பங்குனி, சித்திரையில் வற்றிய கண்மாய்க்குள் பழகலாம், ஊரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. கரையில் ஏற்றாதீர்கள், மடைப்பக்கம் போகாதீர்கள். ஆழப்பகுதி மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் வண்டல் ஈரமாகவே இருக்கும். இறங்கி நடந்து ஒரு கம்பால் குத்திப் பாருங்கள். ஒரு சாண் இறங்கினால் அந்த இடம் வண்டிக்கு இல்லை.

4 லோ, முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் சரிவில் இறங்குவதை இருபது தடவையாவது செய்யுங்கள். 4 லோவுக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் மாற்ற வேண்டும். தார் ரோட்டுக் கொண்டை ஊசியில் 4 ஹையோ (சாதாரண வேகத்தில் நாலு சக்கர இயக்கம்) லோவோ வேண்டாம். இந்த வண்டிகளில் முன், பின் அச்சுகள் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது இரண்டும் ஓட வேண்டிய தூரம் வேறு என்பதால் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல முறுக்கும். அதன் பலன் டிரான்ஸ்ஃபர் கேஸில் தெரியும்.

திரும்பி வந்ததும்

அடித்தகட்டுக்கு மேல் சேர்ந்த காய்ந்த புல்லை எடுங்கள், சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். டிஃபரன்ஷியல் நிரப்பும் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே மாற்ற வேண்டும். பிறகு டயர். மலைக்கல்லுக்குத் தப்பினாலும் வீட்டு வாசலில் சீமைக்கருவேல முள் தைத்திருக்கும். பார்த்தவுடன் பிடுங்காதீர்கள். சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். குமிழ் வந்தால் முள்ளோடேயே மெல்ல ஓட்டிப் பஞ்சர் கடையில் போய்ப் பிடுங்குங்கள். வராவிட்டால் அங்கேயே இடுக்கியால் எடுத்துவிடலாம்.